குடிநோய் உள்ள கணவர், கையில் சிறு குழந்தைகள்: வீட்டை நடத்தும் வழிகள்

கணவரின் குடி முற்றிப்போன நிலையில் உதவி தேடும் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "இவரைக் குடியை விட வைப்பது எப்படி?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீட்டில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தால் அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் ஆலோசனை. அவர் எப்போது விடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. இன்று இரவு பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், நாளை காலை யாருடன் பள்ளிக்குப் போகிறார்கள் என்பவை பெருமளவு உங்கள் கையில் இருக்கின்றன. அவர் குடித்துவிட்டு வந்தாலும் வராவிட்டாலும் வீடு ஒரே சீராக நடக்கும்படி செய்துகொண்டால் பிள்ளைகளுக்குக் காயம் குறைகிறது. அவர் சிகிச்சைக்கு இணங்குவதற்கான வாய்ப்பும் அதனால் கூடுகிறது. மனைவி குடிக்க, கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. பெண்களுக்கான சட்டமும் உதவித் திட்டங்களும் தவிர மற்றவை அவர்களுக்கும் பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுவுக்கு அடிமையாதலும் இடம்பெற்றிருக்கிறது. குடியிலிருந்து மீண்ட நம் ஊர்க்காரர்களும் அதைக் குடிநோய் என்றே சொல்கிறார்கள். அளவு ஏறிக்கொண்டே போவது, காலையில் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் அடங்குவது, முதல் நாள் இரவு நடந்தது நினைவில் இல்லாமல் போவது, விட்டுவிடுகிறேன் என்று மனதாரச் சொல்லிவிட்டு மூன்றாம் நாளே மீறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். நோய் என்று அறிந்துகொண்டதால் அவர் செய்கிற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடாது. அந்த நோய்க்கு நீங்கள் காரணமில்லை என்பது மட்டும் தெளிவாகிறது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒரு கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்’ என்று குடிக்கிற மகனுக்குப் பெண் பார்ப்பதும், அவன் திருந்தாதபோது ‘வந்தவள் சரியில்லை’ என்று பேசுவதும் நம் குடும்பங்களில் சாதாரணமாக நடக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய குடிக்குப் பின்னால் வந்தவளின் சமையலும் வாயும் எப்படிக் காரணமாகும் என்று யாரும் கேட்பதில்லை.

மாலையும் இரவும்

டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. தினமும் குடிப்பவர் எத்தனை மணிக்கு, எந்த நிலையில் வீட்டுக்கு வருவார் என்பது சில வாரங்கள் கவனித்தாலே ஏறக்குறையத் தெரிந்துவிடும். சம்பள நாளும் ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாள்களும் தனிக் கணக்கு. அந்த நேரத்துக்கு முன்பே பிள்ளைகளின் நாள் முடிந்துவிட வேண்டும். வீட்டுப் பாடம், சாப்பாடு, ஒரு கதை, படுக்கை என்று தினமும் மாறாத வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு, அப்பா வந்த பிறகு சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவருக்குரிய சாப்பாட்டை மூடி வைத்தால் போதும். ஒரே அறையுள்ள வீடாக இருந்தால், பிள்ளைகளைச் சுவர் ஓரமாகப் படுக்க வைத்து நீங்கள் வாசல் பக்கமாகப் படுத்துக்கொள்வது, தெருவிலேயே நம்பகமான ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது போன்ற சிறிய ஏற்பாடுகளே ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும். கைக்குழந்தை இருந்தால் ஒரு விதியை எந்த நாளிலும் தளர்த்தக் கூடாது: குடித்திருப்பவர் படுக்கும் பாயிலோ கட்டிலிலோ குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். போதையில் உறங்குபவர் புரண்டு படுத்தால் அடியில் குழந்தை இருப்பதை அவர் உடல் உணராது. மூச்சுத்திணறிக் குழந்தை இறந்துபோகும் ஆபத்து உண்மையானது.

போதையில் இருப்பவரிடம் எந்தக் கணக்கும் கேட்காதீர்கள். எவ்வளவு செலவழித்தீர்கள், யாருடன் போனீர்கள், போன வாரம் குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே என்பதெல்லாம் மறுநாள் காலையில் பேசவேண்டியவை. இரவில் பேசினால் பிள்ளைகள் விழித்துக்கொள்வதைத் தவிர வேறு பலன் இல்லை. அவர் வம்புக்கு இழுத்தால், "காலையில பேசிக்கலாங்க" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம். அவர் நினைவின்றி விழுந்துகிடந்தால் மல்லாந்த நிலையில் விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; போதையில் இறப்பவர்களில் சிலர் தாங்கள் எடுத்த வாந்தியே மூச்சுக்குழாயை அடைத்து இறந்துபோகிறார்கள். தட்டி எழுப்பியும் அசைவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடல் சில்லிட்டு உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, விழுந்ததில் தலையில் அடிபட்டிருக்கிறது என்ற எந்த நிலையிலும், ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது இருசக்கர வண்டி. ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. சாதாரண பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறக்குறைய 43 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால், அதில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் உள்ளே போகிறது. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரையில்தான் அதை எரிக்கும். ஆகவே இரவு பத்து மணிக்கு ஒரு குவாட்டருக்கு மேல் குடித்தவர், குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்குப் பிள்ளையை வண்டியில் ஏற்றும்போதும் உடலில் மது மிச்சம் இருக்கக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வேலையை நீங்களோ, வேனோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடன் சேர்ந்து நடப்பதோ என்று நிரந்தரமாகவே மாற்றிவிடுவது நல்லது. தினமும் காலையில் அவரை முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் நிலையில் உங்களை வைத்துக்கொள்ளாதீர்கள். அதேபோல, பாட்டில் வாங்கிவரவோ, சைடு டிஷ் எடுத்துவரவோ, டம்ளர் கழுவித் தரவோ பிள்ளைகளை ஏவுவதை முதல் முறையே தடுக்க வேண்டும். மதுவைச் சுமந்துவரக் குழந்தையைப் பயன்படுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போது ஒரு தடவை சொல்லிவையுங்கள்.

வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மண்ணெண்ணெய் இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். குடிநோய் உள்ளவர் ‘செத்துப்போகிறேன்’ என்று சொன்னால் அதை வெறும் மிரட்டல் என்று தள்ளக் கூடாது. மதுவோடு தற்கொலைக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மனாஸ் மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அந்த எண் உங்களுக்கும் உரியது.

பணம்

குடிநோய் உள்ள வீட்டில் பணத்தைப் பூட்டி வைப்பது சுயநலம் என்று சில பெண்கள் கூசுகிறார்கள். பிள்ளைகளின் பாலுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உரிய பணம் அது, கூச வேண்டியதில்லை. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கோ அஞ்சலகக் கணக்கோ இருக்கட்டும். அதன் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் வேறு யாரிடமும் இருக்கக் கூடாது, கைபேசியில் பணம் அனுப்பும் செயலிக்கும் புதிய எண் போட்டுவிடுங்கள். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை உங்களுக்கு வந்தால், அது இந்தக் கணக்குக்கே வரட்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாயில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரையிலோ பதினெட்டு வயது ஆகும் வரையிலோ பொதுவாக அதிலிருந்து பணம் எடுக்க முடியாது என்பதுதான் உங்கள் நிலையில் அதன் பெரிய நன்மை. குடும்ப அட்டை, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வங்கிப் புத்தகம், நகை ரசீதுகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு அம்மா வீட்டிலோ நம்பகமான தோழியிடமோ வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். அவர் குடிக்காக வாங்கிய கைமாற்றை நீங்கள் அடைத்தால், அடுத்த கைமாற்றைக் கொடுக்க அந்த ஆள் தயங்கமாட்டார். சுய உதவிக் குழுக் கடனை உங்கள் பெயரில் எடுத்து அவர் கையில் கொடுப்பது, ஜாமீன் கையெழுத்துப் போடுவது, தாலிச் சங்கிலியை அடகு வைப்பது ஆகிய மூன்றும் பெண்களை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுகின்றன. வட்டிக்காரர் வாசலில் வந்து கத்தினால் அவமானமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த அவமானத்துக்குரியவர் நீங்கள் அல்ல என்று நின்றுவிட்டால், கத்தல் மெல்ல மெல்ல அவர் வேலை செய்யும் இடத்துக்கு நகர்ந்துவிடும்.

அவர் வேலைக்குப் போகாத நாளில் ‘காய்ச்சல்’ என்று முதலாளிக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். எடுத்த வாந்தியை இரவோடு இரவாகத் துடைத்து, கிழிந்த சட்டையை மறைத்து, மாமியாரிடம் ‘அவர் ஒழுங்காகத்தான் இருக்கிறார்’ என்று சொல்வதெல்லாம் அன்பினால் செய்வதுதான். விளைவு மட்டும் வேறாகிறது, தன் குடியால் என்னென்ன நடக்கிறது என்பது அவர் கண்ணில் படாமலேயே போகிறது. எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று குழம்பும்போது, இந்தக் காரியம் பிள்ளைகளைக் காக்கிறதா, அவருடைய குடியைக் காக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். வாசலில் விழுந்துகிடப்பவரைப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் உள்ளே கொண்டுவருவது பிள்ளைகளுக்காக; மறுநாள் அவருக்குப் பதிலாக நண்பரிடம் மன்னிப்புக் கேட்பது பிள்ளைகளுக்காக அல்ல.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது

பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு வண்டிச் சத்தத்தை வைத்தே அப்பாவின் நிலை தெரியும். அதற்குத் தெரியாமல் இருப்பது காரணம் மட்டும்தான். நாம் சொல்லாவிட்டால், ‘நான் சேட்டை பண்ணியதால்தான் அப்பா இப்படி’ என்று அதுவாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மிகச் சிறிய குழந்தையிடம், "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அதனாலதான் சத்தம் போட்டாங்க. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அம்மா இங்கதான் இருக்கேன்" என்பது போதும். ஆறு, ஏழு வயதுக்கு மேல் குடி என்ற சொல்லை மறைக்க வேண்டியதில்லை: "அப்பாவுக்குக் குடிக்கிற நோய் இருக்கு. ஆரம்பிச்சா அவங்களால நிறுத்த முடியல. அதை டாக்டர்தான் சரி பண்ண முடியும், நீயோ நானோ பண்ண முடியாது. அப்பா மேல உனக்குக் கோபம் வரலாம், பாசமும் இருக்கலாம், ரெண்டும் தப்பில்ல." இதை ஒருமுறை சொன்னால் போதாது; பெரிய சண்டை நடந்த ஒவ்வொரு முறையும் மறுநாள் நல்ல வெளிச்சத்தில் திரும்பச் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை பலவும் நமக்கு எளிதாக வருபவை. ‘அப்பா குடிச்சிருக்காரா, போய்ப் பார்’ என்று உளவு பார்க்க அனுப்புவதும், ‘நீ சொன்னாத்தான் கேட்பார், குடிக்காதீங்கன்னு சொல்லு’ என்று தூது அனுப்புவதும் கூடாது; அவர் கேட்காதபோது தோற்றது தான்தான் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். ‘நீயும் உங்கப்பன் மாதிரிதான் ஆகப்போறே’ என்ற பேச்சு எவ்வளவு கோபத்திலும் வாயில் வரக் கூடாது. வீட்டில் மூத்தது பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் கவனம் தேவை. எட்டு வயதில் தம்பியைக் குளிப்பாட்டி, அம்மாவின் கண்ணீரைத் துடைத்து, அப்பா வந்ததும் டிவியை அணைக்கும் அந்தப் பெண்ணை ஊரே பொறுப்பானவள் என்று புகழும். அவளுக்கு விளையாட நேரமில்லாமல் போவதை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் துக்கத்தைச் சொல்லி அழ வேறொரு பெரியவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாக்குகளுக்கு நீங்கள் பொறுப்பேற்காதீர்கள். "அப்பா வந்தா நாலு பேரும் போவோம், வராட்டி நாம மூணு பேரும் போவோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். சிறுநீர்ப் பழக்கம் சரியான பிறகும் மீண்டும் படுக்கையை நனைப்பது, காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, நகம் கடிப்பது, தூக்கத்தில் அலறுவது, பள்ளியில் திடீரென்று அடிதடி அல்லது முழு மௌனம் ஆகியவை குழந்தை திணறுவதைக் காட்டுபவை. வகுப்பு ஆசிரியரிடம் ‘வீட்டில் கொஞ்சம் கஷ்டம், இவன் மேல் ஒரு கண் வையுங்கள்’ என்று மட்டும் சொன்னாலே உதவியாக இருக்கும். தாத்தா, அத்தை, டியூஷன் டீச்சர் என்று யாராவது ஒரு நிதானமான பெரியவர் வாரா வாரம் தவறாமல் அந்தக் குழந்தையோடு நேரம் செலவிடுவதாக இருந்தால், அதைவிடப் பெரிய உதவி அதிகம் இல்லை.

அவரிடம் பேசுவதும் சிகிச்சையும்

உறவினர்களைக் கூட்டி நடுக்கூடத்தில் அவரை உட்கார வைத்து ஆளுக்கொரு கேள்வி கேட்கும் பஞ்சாயத்து நமக்குப் பழகிப்போன வழி. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மையர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறை இதற்கு நேர்மாறானது: குடிக்காத வேளையில் அவரோடு இனிமையாக இருப்பது, குடித்த வேளையில் சண்டையின்றி விலகிக்கொள்வது, குடியின் விளைவுகளை அவரே சந்திக்க விடுவது, பொருத்தமான நேரத்தில் சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகப் பேசுவது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் சிகிச்சைக்கு மறுத்துவந்தவரை அதற்கு இணங்க வைத்தார்கள். பலர் கூடி நேருக்கு நேர் அழுத்தும் முறையில் அது 30 சதவீதமாக இருந்தது. மேலே சொன்ன வீட்டு ஏற்பாடுகள் அவரை மாற்றவும் உதவும் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதனால்தான்.

பேச ஏற்ற நேரம், ஏதாவது நடந்து முடிந்த மறுநாள், அவர் தெளிவாகவும் கொஞ்சம் வெட்கத்தோடும் இருக்கும் பொழுது. பேச்சு நீளக் கூடாது. "நேத்து நீங்க கத்தினதுல சின்னவன் பயந்து பாயை நனைச்சுட்டான். எனக்கும் பயமா இருந்துச்சு. ஜி.ஹெச்ல இதுக்குன்னே டாக்டர் இருக்காங்க, வியாழக்கிழமை நான் கூட வர்றேன்" என்ற அளவே போதும். எந்த மருத்துவமனை, என்றைக்குப் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள், என்ன எடுத்துப்போக வேண்டும் என்பதை முன்பே விசாரித்து வைத்திருங்கள். அவர் சரி என்று தலையாட்டும் மனநிலை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446.

திடீரென்று நிறுத்தச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள். தினமும் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத ஆள்களைப் பார்த்துப் பேசும் அளவுக்கு மனக்குழப்பமும் வரலாம். சிகிச்சையில்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தவரும், ஐயப்பனுக்கு மாலை போட்டவரும் மூன்றாம் நாளில் இப்படிப் பிதற்றத் தொடங்கினால் அது சாமி குற்றமும் அல்ல, காற்று கருப்பும் அல்ல. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. அந்த நம்பிக்கையைத் தடுக்க வேண்டியதில்லை, மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே உதவும். இன்னொன்றும் உண்டு: விபத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ அவரைச் சேர்க்கும்போது, தினமும் குடிப்பவர் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வார்டில் மூன்றாம் நாள் இதே குழப்பம் வந்து, காரணம் தெரியாமல் எல்லோரும் திகைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்தும் இருக்கிறது.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் ‘குடி நிறுத்தும் மருந்து’ என்று விளம்பரங்கள் வருகின்றன. டைசல்பிரம் என்ற மாத்திரை மருத்துவர் கொடுப்பதுதான். ஆனால் அதைச் சாப்பிட்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து, இறக்கவும் நேரலாம். விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல யாருமில்லை. எதையும் கலந்து கொடுக்காதீர்கள்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தினர் பார்க்கவும் பேசவும் முடியுமா என்று கேளுங்கள். இரவில் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் இடங்களில் அடிபட்டு இறந்தவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதை அது முற்றாகத் தடை செய்கிறது. சென்னை அடையாறில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980-இல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடியினால் இழந்தவர் அவர். குடிப்பவரோடு குடும்பத்தினருக்கும் சிகிச்சையில் தனி இடம் வேண்டும் என்பதை அந்த நிறுவனம் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்தி வருகிறது. உங்கள் கணவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசகரைப் பார்க்கலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்று 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்களின் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரும் கேட்கமாட்டார்கள்.

அடி விழும் வீட்டில்

மேலே சொன்ன பொறுமை எல்லாம் கை நீளாத வீட்டுக்குத்தான். அடித்தால், கத்தியை எடுத்தால், குழந்தையைத் தூக்கி எறிவேன் என்று மிரட்டினால், அன்று இரவே பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். அவசர உதவி எண்ணான 112-ஐயோ பெண்கள் உதவி எண்ணான 181-ஐயோ அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவரை வீட்டை விட்டு வெளியேறும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும். செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பதையும் அந்தச் சட்டம் வன்முறையாகவே கருதுகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அலுவலரை அணுகினால் மனுவை எழுத உதவுவார். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். காயம் இருந்தால் படம் எடுத்துத் தேதியோடு நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அரசு மருத்துவமனையில் ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாமல் உண்மையைச் சொல்லிப் பதிய வையுங்கள். அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்பதை வெறும் மிரட்டலாகப் பயன்படுத்தக் கூடாது. ஐந்தாறு முறை சொல்லிப் போகாமல் இருந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது. போகும்போது, எந்த நிபந்தனையின் பேரில் திரும்பி வருவீர்கள் என்பதை எழுதி வைத்துவிட்டுப் போகலாம்: சிகிச்சையில் சேர்ந்து இத்தனை வாரம் தொடர்ந்து போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அழுது காலில் விழுந்தது நிபந்தனை ஆகாது.

அவர் நிறுத்திய பிறகு

மருத்துவமனையில் உடலிலிருந்து மதுவின் தாக்கம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். குடியை விடுவது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆலோசனை, நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற ஆசையைக் குறைக்கும் மருந்துகள், மீண்டவர்களின் கூட்டங்கள் என்று மாதக்கணக்கில் நீளும். இடையில் சறுக்கல் வரலாம். சறுக்கியதும் ‘எல்லாம் வீண்’ என்று முடிவு கட்டாமல், அந்த வாரமே மருத்துவரிடம் திரும்பிப் போவதுதான் முக்கியம்.

இந்தக் கட்டத்தில் எதிர்பாராத சிக்கல் ஒன்று தலைகாட்டும். அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அவருக்கு இடம் கொடுக்கத் தடுமாறும். ‘நான்தான் குடியை விட்டுட்டேனே, இன்னும் ஏன் நம்பமாட்டேங்கறீங்க’ என்று அவர் கோபிப்பார், பிள்ளைகளோ எதற்கும் அம்மாவையே பார்ப்பார்கள். பொறுப்புகளைச் சிறியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். முதலில் வீட்டிலேயே நடப்பவை: மாலையில் வீட்டுப் பாடம் பார்ப்பது, இரவில் கதை சொல்வது. பிறகு காய்கறி வாங்க எண்ணிக் கொடுத்த பணம். சில மாதங்கள் கழித்து, மருத்துவரும் சரி என்று சொன்ன பின், வண்டியில் பள்ளிக்கு. பிள்ளை மடியில் ஏறத் தயங்கினால் ‘அப்பாகிட்ட போ’ என்று தள்ளாமல், அதுவாகப் போகும் வரை விட்டுவிடுங்கள். உங்கள் கணக்கின் ஏடிஎம் அட்டையை எப்போது கொடுப்பது என்று கேட்டால், கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. அவருக்கென்று அவருடைய கணக்கு இருக்கட்டும்.